மஞ்சள் அடித்த படகுகள்

சாயமும் சரித்திரமும் – பகுதி 14

லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணி, கைக்கு வந்ததும் எங்கள் ஊர்ச் சாயப்பட்டறை மாஸ்டர்கள் அதை லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, வெளிநாட்டுக் கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, புற ஊதாவுக்கு ஒன்று. மூன்றிலும் ஷேடு ஒத்துப்போனாலும் பழைய மாஸ்டர்களுக்கு மனசு ஆறாது. துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விடுவார்கள். "பொட்டிக்குள்ள எல்லாம் சரியாத்தானுங்க இருக்கும். வெய்யில்ல வெச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் அதோட குணம்" என்று ஒரு மாஸ்டர் என்னிடம் சொன்னார். ஒரு விளக்கில் அண்ணன் தம்பியாகத் தெரிகிற இரண்டு துண்டுகள் இன்னொரு விளக்கில் யாரோ எவரோ ஆகிவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். திருப்பூரில் அந்தப் பெயர் தெரியாதவர்கள்கூட அதனால் பட்ட நஷ்டத்தைச் சொல்வார்கள்.

சென்ற பகுதியில் காக்கியின் கதையைப் பார்த்தோம். மண்ணோடு மண்ணாக ஒளிந்துகொள்ளப் படைகள் கண்டெடுத்த சாயம் அது. ஆனால் எதிரியின் கண்ணில் படாதவன் கூட்டாளியின் கண்ணிலும் படமாட்டான். எல்லாப் படையும் காக்கிக்கும் பச்சைக்கும் மாறிய பிறகு, 'இவன் நம்மாள், சுடாதே' என்று கத்துகிற இன்னொரு சாயம் தேவைப்பட்டது. இந்தப் பகுதி அந்தச் சாயத்தைப் பற்றியது. முடிவில் கல்கத்தாவில் பீரங்கி பொருத்திய படகுகளுக்கு அடித்த ஒரு மஞ்சளுக்கு வருவோம்.

சொந்தப் படையோ கூட்டாளிப் படையோ தவறாகச் சுட்டுக்கொள்வதை ஆங்கிலத்தில் 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' என்கிறார்கள். அதை 'நட்புச் சூடு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தன் விரலே தன் கண்ணைக் குத்துவது என்று நம்மூரில் சொல்வார்கள். அதுவே போதும்.

விரல் கண்ணைக் குத்தாமல் இருக்க வழி தேடியதில் நம்மவர்கள் மூத்தவர்கள். சேரன் படைக்குப் பனம்பூ, பாண்டியன் படைக்கு வேம்பு, சோழன் படைக்கு ஆத்தி. பள்ளிக்கூடத்தில் இதை மூவேந்தர் பெருமை என்று மனப்பாடம் செய்தோம். தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்டுகிற காரணம் அலங்காரம் அல்ல. பெரும்படைகள் கைகலக்கும்போது யார் எந்த வேந்தனுடைய ஆள் என்று தெரிய வேண்டும், அதற்காகச் சூடிய பூ அது. சுத்தமான ராணுவக் காரணம். அந்த ஏற்பாடு எங்கே செல்லாமல் போகும் என்பதையும் ஒரு புலவர் பார்த்திருக்கிறார். சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரோடொருவர் மோத நின்றபோது கோவூர்கிழார் போய்ச் சுட்டிக்காட்டியது, இரண்டு பக்கமும் ஆத்திதான் என்பதைத்தான். புறநானூற்றில் 45ஆம் பாட்டு.

பூவைப் பக்கத்தில் நிற்பவன் பார்க்கலாம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற விமானம் ஒரு வினாடிக்குள் 220 மீட்டரைக் கடந்துவிடும். அதற்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தப் பூவைக் காட்டுவது?

இரண்டாம் உலகப்போரில் இந்தக் கேள்வி பெரிய விலை கேட்டது. 1943 ஜூலை 11 இரவு சிசிலித் தீவில் பாராசூட் வீரர்களை இறக்க 144 அமெரிக்க விமானங்கள் போயின. கீழே கடலில் நின்றது அவர்களுடைய கப்பற்படைதான், கரையில் இருந்ததும் அவர்களுடைய பீரங்கிகள்தான். சற்று முன்புவரை ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. யாரோ ஒருவன் முதலில் சுட்டான், பிறகு எல்லோரும் சுட்டார்கள். 23 விமானங்கள் விழுந்தன. அடுத்த வருடம் நார்மண்டியில் இறங்கும்போது நேசநாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடம்பிலும் மூன்று வெள்ளை, இரண்டு கருப்புப் பட்டைகள் இருந்தன. நம்மூரில் ஃபீடர் ஸ்ட்ரைப் பனியன் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்தத் தோற்றம். அந்த வருடம் அந்தப் பட்டை வேலை செய்தது. ஆனால் ஏழு வாரம் கழித்து, ஜூலை 24, 25 தேதிகளில், அதே நார்மண்டியில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் தங்கள் காலாட்படையின் தலையிலேயே குண்டு போட்டு, ஒரு லெப்டினன்ட் ஜெனரல் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விமானத்துக்குத்தான் பட்டை அடித்திருந்தார்கள். பள்ளத்தில் படுத்திருந்த சிப்பாய்க்கு யார் அடிப்பது?

அதே காலத்தில் நம் பக்கத்திலும் ஒரு நிறமாற்றம் நடந்தது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்பு இருக்கும். ஜப்பானிய விமானத்தின் சின்னமும் சிவப்பு உருண்டைதான். பர்மா வானத்தில் கண நேரம் சிவப்பு மின்னினால் கீழே இருப்பவன் சுட்டுவிடுவான். அதனால் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பறந்த விமானங்களின் சின்னத்தில் சிவப்பை அழித்துவிட்டு நீலத்தின் இரண்டு ஷேடுகளை வைத்தார்கள். இந்திய விமானப்படையின் விமானங்களுக்கும் அதே கதி. 1945இல் சூலூர் ஓடுதளம் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளமாக இருந்தது. அங்கே இறங்கிய விமானங்களிலும் ஒரு சொட்டுச் சிவப்பு இருந்திருக்காது. அந்தத் தளத்துக்கு வைத்த பெயர் எச்.எம்.எஸ். வைரி. அந்தக் கடற்படை தன் விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் வைக்கும். கோயம்புத்தூரில் கருடா, தாம்பரத்தில் வல்லூறு, சூலூரில் வைரி. வைரி என்பது ஒரு பருந்தினம். ஆனால் தமிழில் வைரி என்றால் பகைவன் என்றும் பொருள் உண்டு. நண்பனைப் பகைவனிலிருந்து பிரிக்கச் சிவப்பை அழித்தவர்கள், தங்கள் வீட்டுக்கே 'பகைவன்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். பெயர் வைத்தபோது அருகில் ஒரு தமிழாசிரியர் இல்லை போலும்.

சோமனூர்க்காரர்களுக்குச் சூலூர் விமானச் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். 2018இல் தேஜஸ் விமானங்களோடு சூலூருக்கு வந்த 45ஆவது ஸ்குவாட்ரனுக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1965 செப்டம்பர் 1. ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் விடியலில் எல்லை தாண்டின. விமானப்படையை இறக்க அனுமதி கிடைத்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பதான்கோட்டிலிருந்து 12 வாம்பயர் விமானங்களும் பின்னால் மிஸ்டேர் விமானங்களும் போயின. 45ஆவது ஸ்குவாட்ரனின் வாம்பயர்கள் அன்றைக்கே பழைய இரும்பு. அவற்றில் நான்கு திரும்பவில்லை. அந்த மங்கிய வெளிச்சத்தில், புழுதிக்கு நடுவில், வந்த விமானங்களில் சில இந்திய ராணுவத்தின் சொந்த டாங்கிகளையும் வெடிமருந்து வண்டிகளையும் தாக்கிவிட்டன. தரையில் இருந்தவனோடு பேச விமானிக்குச் சரியான வழி இல்லை. இரு தரப்பு டாங்கிகளும் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. மேலிருந்து பார்த்தால் எல்லாம் புழுதி நிறம். மாஸ்டர் சொன்ன வெய்யில் அங்கே இல்லை.

சரி, வெளிச்சம் நன்றாக இருந்து, நிறமும் பளிச்சென்று இருந்தால்?

2003 மார்ச் 28, ஈராக்கில் பாஸ்ராவுக்கு வடக்கே. பிரிட்டிஷ் குதிரைப்படை என்று பழைய பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிரிவின் சிறு கவச வண்டிகள் முன்னே போய்க்கொண்டிருந்தன. கூட்டாளி வண்டி என்று விமானிக்குத் தெரிய, கூரைமேல் ஆரஞ்சு நிறத் துணிப் பலகைகளை விரித்துக் கட்டியிருந்தார்கள். சாதாரண ஆரஞ்சு இல்லை, கண்ணைக் குத்துகிற நியான். பருத்தியில் அந்தப் பளீர் நிற்காது, பாலியெஸ்டரில்தான் ஏறும் என்று நம் சாயக்காரர்களுக்குத் தெரியும். மேலே இரண்டு அமெரிக்க ஏ-10 விமானங்கள். விமானிகள் இருவரும் அந்த ஆரஞ்சைப் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அவர்கள் பேசியது விமானி அறையின் ஒளிப்பதிவில் இருக்கிறது. கீழே நம்மவர்கள் யாராவது உண்டா என்று தரைக் கட்டுப்பாட்டைக் கேட்டார்கள். இவ்வளவு வடக்கே யாரும் இல்லை என்று பதில் வந்தது. நம்மவர்கள் இல்லையென்றால் அந்த ஆரஞ்சு என்ன? யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஆரஞ்சு நிற ராக்கெட்டுகள். தாழ இறங்கி இரண்டு முறை சுட்டார்கள். ஒரு பிரிட்டிஷ் வீரர் இறந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள்.

அந்த ஒளிப்பதிவு 2007 பிப்ரவரியில் பத்திரிகை வழியாக வெளியே வந்தது. அடுத்த மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் மரண விசாரணை நடத்திய அதிகாரி, அது சட்டவிரோதமான கொலை என்று தீர்ப்பெழுதினார். தவறு தெரிந்ததும் அந்த விமானிகள் நொறுங்கிப்போனதும் அதே பதிவில் கேட்கிறது.

இந்தச் சம்பவத்தில் சாயத்தின்மேல் குற்றம் இல்லை. ஆரஞ்சு தன் வேலையைச் செய்தது, கண்ணில் பட்டது. ஆனால் 'அங்கே நம்மாள் இல்லை' என்று காதில் விழுந்த சொல், கண்ணில் விழுந்த நிறத்துக்கு வேறு அர்த்தம் கொடுத்துவிட்டது. இதற்கு 12 வருடம் முன்பு, 1991 பிப்ரவரி 26 அன்று, முதல் வளைகுடாப் போரிலும் இதே ஏ-10 ரக விமானங்கள் பிரிட்டிஷ் கவச வண்டிகளை அடித்து 9 பேர் இறந்திருந்தார்கள். அந்தப் போரில் சண்டையில் மாண்ட அமெரிக்கர்கள் 148 பேரில் 35 பேரைக் கொன்றது அமெரிக்கக் குண்டுகளே. கிட்டத்தட்ட நாலில் ஒருவர். எதிரி பலவீனமாக இருந்த போர் என்பதால் விகிதம் இப்படி ஏறிவிட்டது என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

கண்ணை நம்பாமல் கருவியை நம்பும் முயற்சியும் பழையது. 1939 செப்டம்பர் 6, போர் அறிவித்து மூன்றே நாள். இங்கிலாந்தில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தங்கள் நாட்டு ஹரிகேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் முதலில் வீழ்த்தியது சொந்த விமானத்தைத்தான். பிறகு ஒரு கருவி பரவலாக வந்தது. ரேடார் 'நீ யார்?' என்று ரேடியோ அலையில் கேட்கும். விமானத்தில் உள்ள பெட்டி தானாகவே 'உன் ஆள்' என்று பதில் அனுப்பும். அந்தப் பெட்டிக்குப் போர்க்கால விமானிகள் வைத்த செல்லப்பெயர் கிளி. பெட்டியை அணை என்பதற்கு, கிளியின் கழுத்தை நெரி என்பார்கள். இன்றைக்கும் சாதாரணப் பயணிகள் விமானத்துக்குக் கோவை விமான நிலையத்தில் கொடுக்கும் அடையாள எண்ணை, கிளி கத்துவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

கிளி பேசினாலும், கேட்பவனுக்கு அந்த பாஷை தெரிய வேண்டும். 1994 ஏப்ரல் 14, வட ஈராக்கின் வானத்தில் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள். அமெரிக்கர், பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கி அதிகாரிகள், குர்து மக்கள் என 26 பேர். ஹெலிகாப்டர்களில் பல இடங்களில் அமெரிக்கக் கொடி பெரிதாக வரைந்திருந்தது. மேலே கண்காணிப்பு விமானமும் பறந்துகொண்டிருந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைந்தால் கிளிக்கு வேறு எண் வைக்க வேண்டும். அது ஹெலிகாப்டர்காரர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் வந்தன, கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை, அருகே வந்து பார்த்தும் சோவியத் ஹெலிகாப்டர் என்றே நினைத்தார்கள். 26 பேரும் போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிள் நினைவுக்கு வந்தது. ஒப்பிடவே கூடாதுதான், ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் வெறும் துணி. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கருப்பு டி-ஷர்ட் ஆர்டர், இரண்டு லாட் துணி. கண்ணுக்கு இரண்டும் ஒரே கருப்பு. பண்டில் போடும்போதே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், லாட் கலக்கக் கூடாது என்று எழுதியும் இருந்தது. நடுவில் ஸ்டிக்கர் எண் முறையை மாற்றினார்கள். பகல் ஷிஃப்டுக்குத் தெரியும், நைட் ஷிஃப்டுக்கு யாரும் சொல்லவில்லை. உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலுமாகத் தைத்துப் பாக்கிங் வரை வந்துவிட்டது. வெய்யிலில் கொண்டுபோய்ப் பார்த்தபோது கை மட்டும் பச்சைக் கருப்பு. கேட்டால் ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு சம்பவம் உண்டு, காஷ்மீரின் பட்காமில். 2019 பிப்ரவரி 27 காலை, பாலக்கோட் தாக்குதலுக்கு மறுநாள். எல்லையில் இரு நாட்டுப் போர்விமானங்கள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்ரீநகர் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மி-17 ஹெலிகாப்டரை அந்தத் தளத்தின் ஏவுகணையே வீழ்த்தியது. உள்ளே இருந்த விமானப்படையினர் ஆறு பேரும், கீழே ஊரில் ஓர் இளைஞரும் இறந்தார்கள். கிளி அணைந்திருந்தது என்று செய்திகள் வந்தன. மாதங்கள் ஓடின. தேர்தலும் முடிந்தது. அக்டோபர் 4 அன்று புதிய விமானப்படைத் தளபதி பதௌரியா, சுட்டது நம் ஏவுகணைதான், அது பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்த மாதிரி விஷயங்களில் ஒரு தளபதி இவ்வளவு நேராகப் பேசுவது அபூர்வம். ஏழு மாதம் பொறுத்துப் பேசினார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி கல்கத்தா. பழைய பனியன் முதலாளிகளுக்கு அந்த ஊரின்மேல் ஒரு மரியாதை உண்டு. உள்ளாடைத் தொழிலில் கல்கத்தா நமக்கு மூத்தது. பனியனை அங்கே 'கெஞ்சி' என்பார்கள். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்து பயிற்சி எடுத்த வங்காள விடுதலைப் போராளிகளில் மிகப் பலருக்கு லுங்கியும் கெஞ்சியும்தான் சீருடை. கடற்போராளிகளுக்கு அதுகூட இல்லை. வயிற்றில் காந்தக் கண்ணிவெடியைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறவர்கள் அவர்கள்.

அவர்களைப் பயன்படுத்தத் திட்டம் தீட்டியவர்களில் ஒருவர் இந்தியக் கடற்படையின் கமாண்டர் எம்.என். சமந்த். ஆகஸ்ட் 15 நள்ளிரவில் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய நான்கு துறைமுகங்களில் ஒரே நேரத்தில் கப்பல்களை வெடிக்கச் செய்ய வேண்டும். நான்கு இடத்தில் ஒளிந்திருப்பவர்களுக்கு 'இன்று இரவு' என்று எப்படிச் சொல்வது? ஆளுக்கொரு டிரான்சிஸ்டர் கொடுத்து, ஆகாஷ்வாணியின் கல்கத்தா நிலையத்தைக் கேட்கச் சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு பாட்டு வந்தால் தயாராகு. இன்னொரு பாட்டு வந்தால் இறங்கு. முதல் பாட்டு பங்கஜ் மல்லிக் பாடியது. நாடே கேட்ட பாட்டில் சிலருக்கு மட்டும் வேறு செய்தி இருந்தது. அது பிசகாமல் போய்ச் சேர்ந்தது, நான்கு துறைமுகத்திலும் கப்பல்கள் மூழ்கின.

டிசம்பருக்குள் அந்தக் கடற்போராளிகளுக்குச் சொந்தமாக இரண்டு படகுகள் கிடைத்திருந்தன. கல்கத்தாத் துறைமுகப் பொறுப்புக் கழகம் கொடுத்த சாதாரணப் படகுகள். கித்திர்பூர் தளத்தில் 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கிகள் பொருத்தி, பத்மா, பலாஷ் என்று பெயரிட்டார்கள். ஓட்டியவர்களில் பலர் பாகிஸ்தான் கடற்படையை விட்டுத் தப்பி வந்த வங்காளிகள். பலாஷின் எஞ்சின் அறைப் பொறுப்பில் இருந்தவர் முகமது ருஹுல் அமீன், நோவாகாளிக்காரர், 1953இல் கடற்படையில் சேர்ந்தவர். போர் மூண்டதும் சமந்த் தலைமையில் இந்தியக் கடற்படையின் பன்வேல் படகோடு பத்மாவும் பலாஷும் சுந்தரவனத்து ஆறுகளுக்குள் புறப்பட்டன. இலக்கு, மோங்லா துறைமுகமும் அதற்கு மேலே குல்னாவில் இருந்த பாகிஸ்தான் கடற்படைத் தளமும்.

இந்திய ராணுவமும் வங்காள விடுதலைப் போராளிகளின் முக்தி வாகினியும் சேர்ந்த கூட்டுப்படைக்கு அப்போது மித்ர வாகினி என்று பெயர். நண்பர் படை. நண்பர்களின் விமானம் நண்பர்களின் படகைக் குழப்பிக்கொள்ளக் கூடாதே. அதனால் படகுகளின் மேல்தட்டுக் கட்டுமானத்துக்கு மஞ்சள் அடித்தார்கள். ஆற்றில் மஞ்சள் படகு தெரிந்தால் தொடாதீர்கள் என்று விமானப்படைக்கும் சொல்லியாயிற்று.

டிசம்பர் 10 காலை மோங்லாவில் எதிர்ப்பே இல்லை. படகுகள் ஆற்றின் மேலே குல்னாவை நோக்கிப் போயின. நண்பகல் சுமாருக்குக் கப்பல் கட்டும் தளத்தை நெருங்கியபோது வானத்தில் மூன்று விமானங்கள். இரண்டு படகிலிருந்தும் பீரங்கிக்காரர்கள் சுட அனுமதி கேட்டார்கள். சமந்த் மறுத்தார். அவருக்கு அது எளிய கணக்கு. டாக்கா ஓடுதளத்தை இந்திய விமானங்கள் உடைத்து மூன்று நாளுக்கு மேல் ஆகியிருந்தது, கிழக்கே பாகிஸ்தானுக்குப் பறக்கிற விமானமே கிடையாது. எனவே மேலே வருவது நம்முடையவை. அவர் கணிப்பு முழுக்கச் சரி. வந்தவை இந்திய விமானப்படையின் நாட் விமானங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு ஒரு சின்னக் கொசு என்று பொருள். அவ்வளவு சிறிய, அவ்வளவு வேகமான விமானம்.

அவை தாழ்ந்து வந்து முதலில் பத்மாவை அடித்தன. பிறகு பலாஷை.

கீழே இருந்தவர்கள் விமானத்தைச் சரியாக அடையாளம் கண்டார்கள். மேலே இருந்தவர்கள் படகைக் காணவில்லை, அல்லது கண்டும் வேறொன்றாகக் கண்டார்கள். எத்தனையோ சம்பவங்களைப் படித்தும் எனக்கு இது மட்டும் ஆறாமல் இருப்பது அதனால்தான். சமந்த் ஒருவேளை தவறாகக் கணித்து, சுடச் சொல்லியிருந்தால்? நாட் விமானிகள் சாகலாம், படகுகள் பிழைக்கலாம். நண்பனை அடையாளம் கண்டதற்கு அந்தப் படகுகள் விலை கொடுத்தன.

பத்மா எரிந்தது. பலாஷில் படகை விட்டுக் குதிக்கச் சொல்லி உத்தரவு. ருஹுல் அமீன் குதிக்கவில்லை. எஞ்சினை ஓடவைத்துப் படகைக் காப்பாற்றிவிடலாம் என்று உள்ளேயே நின்றார். எஞ்சின் அறையிலும் குண்டு விழுந்தது. கடைசியில் காயத்தோடு ரூப்ஷா ஆற்றில் குதித்துக் கரைக்கு நீந்தினார். கரையில் காத்திருந்தவர்கள் ரஜாக்கர்கள், பாகிஸ்தான் ராணுவத்தின் உள்ளூர்க் கூலிப்படை. அவர்கள் அவரைக் கொன்றார்கள். நீரில் தத்தளித்தவர்களில் இந்தியக் கடற்படையின் லீடிங் சீமேன் சிமன் சிங்கும் ஒருவர். காயத்தோடு கரையேறி, தோழர்கள் தப்ப இடம் கொடுத்து எதிரியை நோக்கிப் போய்ச் சிறைப்பட்டார், போர் முடிந்து விடுதலையானார். சமந்த், பன்வேலின் தலைவர் நொரோன்ஹா, சிமன் சிங் மூவருக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. அடிபடாத பன்வேல், தண்ணீரில் கிடந்தவர்களைப் பொறுக்கியெடுத்தது, சண்டையையும் நிறுத்தவில்லை.

ஆறு நாள் கழித்து டாக்காவில் சரணாகதி. வங்கதேசம் தன் மிக உயர்ந்த வீர விருதான பீர் ஸ்ரேஷ்டோவை ஏழே ஏழு பேருக்குக் கொடுத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் ருஹுல் அமீன். அந்த நாட்டுக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

அவருடைய கல்லறை ரூப்ஷா கரையில், குல்னாவுக்கு எதிரே இருக்கிறது. எஞ்சின் அறை தட்டுக்கு அடியில் இருப்பது. புகை, டீசல் நாற்றம், எஞ்சின் இரைச்சல். அங்கே நிற்பவருக்கு வானம் தெரியாது, வந்த விமானத்தின் சின்னம் தெரியாது, தன் தலைக்கு மேலே அடித்திருக்கிற மஞ்சளும் தெரியாது.